கடைசிச் சுருள் வராத படம்

எனக்குக் கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கட்டியவரைக் கண்டு நடுங்கத் தொடங்கிவிட்டேன். அவர் என்னை அடித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ராயபுரத்துக் கொட்டகையில் ஓடும் ஊமைப்படங்களுக்குத் திரையோரம் நின்று கதை சொல்வது அவர் வேலை. ஊருக்கெல்லாம் தொண்டை கிழியப் பேசுகிறவர், வீட்டுக்குள் நுழைந்தால் வாயில் கொழுக்கட்டை.

அந்த வாரம் ஒரு வெள்ளைக்காரப் படம் வந்திருந்தது. காதலித்துக் கைப்பிடித்தவனே தன்னைக் கொல்லப் பார்க்கிறானோ என்று ஒருத்தி சந்தேகப்படுகிறாள். எடுத்தவன் பாவி, மகா கெட்டிக்காரன். கத்தியையோ ரத்தத்தையோ காட்டவே இல்லை. புருஷன் வரும்போதெல்லாம் முகத்தை விட்டுவிட்டு, தாழ்ப்பாளில் வைத்த கையை மட்டும் காட்டினான். அவன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்று நாமே நினைத்து நினைத்துச் சாக வேண்டும். சரியாக அந்த இடங்களில் இவரும் பேச்சை நிறுத்திவிடுவார். துறைமுகத்து ஆட்கள்கூட பீடியை மறந்து உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் பக்கத்தில் நான் முந்தானையைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

முடிவில் திரை வெளுத்துவிடும். மிச்சக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். இரண்டு நாள் புருஷன் நல்லவன் என்று முடித்தவர், மூன்றாம் நாள், "கொன்னுட்டான்!" என்றார்.

மறுநாள் காலையில் துணிகளை மூட்டை கட்டினேன். திருவொற்றியூரில் என் அம்மா வீடு. குளித்துவிட்டு வந்தவர் பார்த்துவிட்டார்.

"இன்னாமே, எங்க கெளம்பிட்டே?"

மூட்டையை விடாமல் கேட்டேன்: "எது மெய்? அவன் கொன்னானா, இல்லியா?"

"யாருக்குத் தெரியும்? கடைசிச் சுருள் வரவே இல்ல. வர்ற வழியில எரிஞ்சிபோச்சாம். நானா ஒண்ணு சொல்லிகினு கீறேன்."

"அப்ப நேத்து மட்டும் ஏன் கொன்னுட்டான்னு..."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து நீ படத்தப் பாக்கல. என்னியே பாத்துகினு இருந்தே. அப்படி பயந்த கண்ண நான் கண்டதில்ல. அத்தப் பாத்துகினு, அவன் நல்லவன்னு சொல்ல எனக்கு நாக்கு வர்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமும் போகவில்லை. மூட்டைமேலேயே உட்கார்ந்து, "இன்னிக்கு இன்னா சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"நீ போறியா, இருக்கியா? அத்தச் சொல்லு மொதல்ல."