வரப்பில் கொட்டிய வாழைத்தண்டுச் சாறு

சுனாமி வந்த அடுத்த கோடையில் எனக்கு நீர்க்கடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்றுக்குப் போனால் எரியும். விலாவில் உயிர் போகிற வலி. அப்போது மரக்காணம் உப்பளத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கூலி வேலை செய்தோம். அவர் பாத்தியில் உப்பு வாருவார். பெண்கள் எட்டுப் பேர் அதைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவோம்.

டாக்டர் மாத்திரை கொடுத்து, "சின்னக் கல்லுதான், தண்ணி நிறைய குடிம்மா" என்றார். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி சிறுநெருஞ்சிக் கஷாயம் என்றாள், இன்னொருத்தி பார்லிக் கஞ்சி என்றாள். என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டது வாழைத்தண்டை. பாவம் மனுஷன், தினமும் தானே தண்டை இடித்துப் பிழிந்து பாட்டிலில் ஊற்றித் தருவார். மதியத்துக்குள் குடித்து முடிக்கணும் என்று கட்டளை வேறு.

நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வரப்பில் கொட்டிவிடுவேன். பத்தாவது நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"ஏண்டி, நான் என்ன விஷமா குடுக்குறேன்? செத்துப் போலாம்னு இருக்கியா?"

எனக்கும் வந்தது பாருங்கள் கோபம்! அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேன்.

"யோவ், குடிச்சா வருமே, எங்கய்யா போவேன்? நீ திரும்பி நின்னா முடிஞ்சுது. இங்க மறைவுக்கு ஒரு செடி இருக்குதா? விடியறதுக்கு முன்னாடி போனா, அப்புறம் பொழுது சாஞ்சாதான். இங்க எந்தப் பொம்பளையும் தண்ணியே குடிக்கிறதில்ல, தெரியுமா உனக்கு?"

மற்ற பெண்கள் கூடையை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் அவர் வாழைத்தண்டைத் தொடவில்லை. நாலு சவுக்குக் கழியும் தென்னங்கீற்றும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, கரை ஓரத்து மேட்டில் குழி தோண்டி மறைப்பு கட்டினார். மேஸ்திரி ஓடிவந்து, "ஏம்பா, யாரைக் கேட்டுக் கட்டுற? பிரிச்சிப் போடு!" என்று எகிறினார். எங்களில் மூத்தவள், இருபது வருஷமாகச் சுமப்பவள், யாரிடமும் அதிர்ந்து பேசாதவள், மேஸ்திரியைத் தாண்டி நேராக மறைப்புக்குள்ளே போனாள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அன்று உச்சி வெயிலில் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷமாக என் பக்கத்திலேயே உப்பு வாரின மனுஷன் எதிரில் வந்து நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ ஒரு நாளாவது கேட்டியா?" என்றேன்.