சுரங்கப்பாதை வாசலில் தண்ணீர்ப் பந்தல்

இதை எழுத வேண்டுமென்று பல வருஷம் நினைத்துத் தள்ளிப்போட்டேன். பெரிய படிப்பு இல்லாதவன். எழுத உட்கார்ந்தால் கையும் ஓடாது.

மதுரை ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு அடியில் ஜனங்கள் நடந்து போகும் சுரங்கப்பாதை வாசலில்தான் எங்கள் சந்து. சித்திரைத் திருவிழாவுக்கு வருஷந்தவறாமல் அங்கே தண்ணீர்ப் பந்தல் போடுவேன். அம்மனுக்கு நேர்ந்துகொண்டது.

பர்மாவில் குண்டு விழுந்து ஜனங்கள் நடந்தே வந்த வருஷம். பந்தல் போட்ட கையோடு என் மகன் இறந்தான். காலில் ஆணி குத்தி ஜன்னி கண்டுவிட்டது. பதினாறாம் நாள் காரியம் ஆகும்வரை தீட்டு. எங்கள் கையால் யாருக்கும் தண்ணீர் தரக்கூடாது. என் வீட்டுக்காரி பழக்க தோஷத்தில் பானைகளை நிரப்பிவிட்டாள். நான் அவற்றைத் துணியால் மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அழுகை வரவில்லை. பசியும் இல்லை.

"பானைக்குக் காவலாண்ணே?" என்றான் ஜட்கா வண்டிக்காரன். விலகியிருந்த துணியை இழுத்து மூடினேன்.

மத்தியான ரயிலில் வந்தவர்கள் சுரங்கப்பாதை வழியாக ஏறி வந்தார்கள். முன்னால் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை. உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள்.

"தீட்டு வீடும்மா. மகனுக்குக் காரியம் ஆகலை."

அவள் நகரவில்லை.

"எங்க வீட்டுக்காரரை பர்மா மலையில போட்டுட்டு வாரேன். குழி தோண்டக்கூட ஆளில்ல. அவருக்கும் காரியம் ஆகலை. தீட்டுக்காரிக்குத் தீட்டுக்காரன் ஊத்துனா என்னண்ணே? ஊத்துங்க."

துணியை எடுத்தேன். பிள்ளைக்கு முதலில் ஊற்றச் சொன்னாள். பின்னால் நின்றவர்களும் கையேந்தினார்கள். ஒவ்வொருவரிடமும் தீட்டைச் சொன்னேன், ஒருவர்கூட விலகவில்லை. பானைகள் காலியாயின. என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எனக்கு அப்போதும் மனசு மரத்துத்தான் கிடந்தது.

அடுத்த சித்திரைக்குள் ஊரில் கதை வேறாகிவிட்டது. மீனாட்சியே பெண் வேஷத்தில் வந்து என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாளாம். அதோடு என் தீட்டு போய்விட்டதாம். என்னைக் கும்பிட்டவர்கள்கூட உண்டு. நானும் தினம் அம்மனைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் வந்தது அம்மன் என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் புருஷன் மலையில் கிடப்பது இல்லையென்று ஆகிவிடும். என் மகன் செத்ததும் ஒரு திருவிளையாடல் ஆகிவிடும்.

வந்தவள் தாகத்தோடு வந்த பெண். குடித்தாள், போனாள். யாருக்காவது இதைச் சொல்வதானால் இம்மட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம்.