கூண்டைத் திறக்காத மதியம்

நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் சித்தப்பா வேலை போய், எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். சேலையூரில் அப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் அளவுக்குத்தான் இடம். அதில் உடைந்த கட்டிலின் சட்டங்களையும் கம்பிவலையையும் வைத்து ஒரு கூண்டு கட்டி, மேலே தகரம் போட்டு, நான்கு இளம் நாட்டுக்கோழிகளை வாங்கி விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு அந்த நாற்றம் பிடிக்கவில்லை. "இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அப்பாவிடம் அடிக்கடி கேட்பாள். கோழிகளைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கோழிகளைக் கவனித்தது எனக்கே ஆச்சரியம். வெயில் ஏறும் முன்பே தீனியைக் கொடுத்துவிடுவார். பதினொரு மணிக்குக் கூண்டைத் திறந்து முருங்கைமரத்து நிழலில் விடுவார். கடல்காற்று எங்கள் பக்கம் வந்து சேர எப்படியும் மூன்று மணியாகும். அதுவரைக்கும் மண்சட்டித் தண்ணீரை இரண்டு முறை மாற்றுவார். கோழி வாயைத் திறந்துகொண்டு இறக்கையைத் தொங்கவிட்டால் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம் என்பதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

மே மாதத்தில் ஒருநாள் அவருக்குக் கிண்டியில் இன்டர்வியூ. இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பும்போது, "பாப்பா, பதினொரு மணிக்குத் திறந்து விட்டுடு. தண்ணி மாத்து. மறந்துடாத" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அம்மா ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே படுத்து அவளுடைய போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தபோதுதான் நினைவு வந்தது. மணி ஒன்றரை.

கூண்டுக்குள் நான்கும் வாயைத் திறந்தபடி கிடந்தன. சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பயத்தில் பின்பக்கக் குழாயில் வாளியைப் பிடித்து அப்படியே அவற்றின் மேல் ஊற்றினேன். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மே மாத மதியத்தில் கொதிக்கும் என்பது கை பட்ட பிறகுதான் உறைத்தது. தகரத்துக்குக் கீழே குப்பென்று ஆவி அடித்தது. கதவைத் திறந்ததும் இரண்டு தள்ளாடி வெளியே வந்தன. மற்ற இரண்டும் வரவேயில்லை.

சித்தப்பா மூன்று மணிக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குனிந்து கூண்டைப் பார்த்தார், ஈரத் தரையைத் தொட்டார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் அம்மா வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? இவகிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனீங்களா?"

"இல்லண்ணி. காலையில கிளம்புற அவசரத்துல திறந்து விட மறந்துட்டேன். என் தப்புதான்."

"நாலு கோழியைப் பாத்துக்க முடியலையா? அதான் எங்க போனாலும்..." என்று ஆரம்பித்த அம்மா, பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

சித்தப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். முருங்கைக்குக் கீழே குழி தோண்டி இரண்டையும் புதைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இன்டர்வியூ என்ன ஆனது என்று அன்று வீட்டில் யாரும் அவரைக் கேட்கவில்லை. எனக்கோ அடி விழாத சந்தோஷம். ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஓசூரில் நண்பனின் அறைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டார். நானும் அப்பாவும் தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிடப் போனோம். எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன்.

"கோழி முட்டை வைக்க ஆரம்பிச்சதும் சொல்லு, வந்துடறேன்."

ஆடி மாதத்தில் ஒன்று முட்டை வைத்தது. அப்பாவின் போனை வாங்கி உடனே அவரிடம் சொன்னேன். "அப்படியா!" என்று சிரித்தார். பிறகு, "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சரிடா. நல்லா பாத்துக்கோ."

அவர் வரவில்லை. அடுத்த கோழியும் முட்டை வைத்தபோது மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். அப்போதும் வரவில்லை. சித்தப்பாவுக்குக் கோழிகள் மேல் இருந்த ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.