பீலித் தண்ணீருக்காகக் காட்டுக்குள் நுழைந்த ஞாயிறு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். காட்டுக்குள் மனிதக் கால் படவே கூடாது என்று இலங்கை மலையகத்தின் ஹட்டனில், எங்கள் பாடசாலையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். "எங்க லயத்துக்குத் தண்ணி அந்தக் காட்டுலேர்ந்துதான் வருது. வந்து பாத்துட்டுப் பேசுங்க சேர்" என்றார் சக ஆசிரியை ராஜி. ரோஷம் வந்துவிட்டது. 2007 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

காலை 6.40 பஸ். நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 32 ரூபாய். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வளைவுகள் பழிவாங்கும். பஜாரிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ 200 ரூபாய். "காட்டுக்கா? வன இலாகா போர்டு போட்டுட்டாங்க, உள்ள போனா கேஸுதான்" என்றார் ஓட்டுநர்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் ராஜியின் அக்கா செல்வமணி காத்திருந்தார். கொழுந்து பறிப்பவர். காட்டு ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் பீலிதான் இருபது வீடுகளுக்கும் தண்ணீர். ஊற்றின் வாயில் சருகு அடைக்கும், மாதம் ஒருமுறை அள்ளுவார்கள். போர்டு வந்தபின் யாரும் போகவில்லை. பீலி சொட்டிக்கொண்டிருந்தது. "புள்ளைங்க ஆத்துத் தண்ணி குடிச்சு வயித்தால போகுது. இன்னைக்குப் போறோம், என்னா வந்தாலும் சரி" என்றார் அக்கா. நாலு பெண்கள் கூட வந்தார்கள்.

முக்கால் மணி நேர ஏற்றம். காட்டு வாசலில் குங்குமம் வைத்த கல். அதனடியில் ஐவரும் தங்கள் விறகுக் கத்திகளை வைத்தார்கள். "கத்தி உள்ள வரக்கூடாதுங்க. கையால ஒடியிற காஞ்ச குச்சி மட்டுந்தான் எடுப்போம். உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார் அக்கா. இல்லை என்றேன், யோசிக்காமல்.

சருகை அள்ளிக்கொண்டிருந்தபோது வனக் காவலர் வந்து நின்றார். இளைஞர், சிங்களவர். பைகளைக் கொட்டச் சொன்னார். அத்தனை பைகளிலும் ஒரே ஒரு கத்திதான் இருந்தது. பப்பாசி வெட்ட நான் கொண்டுவந்த கத்தி! "காட்டுக்குள்ள ஆளே வரக்கூடாதுன்னு கத்துனது இவருதாண்டி!" என்று அக்கா மற்றவர்களிடம் சொல்ல, நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் கப்பலேறியது.

வெளியே போகாவிட்டால் பெயர் எழுதி வழக்குப் போடுவேன் என்றார் காவலர். முழங்கால் சேற்றில் நின்றபடியே அக்கா காவலரின் மொழியான சிங்களத்திலேயே பதில் சொன்னார். இந்த மலை முழுக்கக் காடாக இருந்ததாம். வெள்ளைக்காரன் சொல்லி, தேயிலைக்காக வெட்டியது தங்கள் பாட்டன்மார் கைதானாம். மிச்சத் துண்டு நிற்பது தாங்கள் வெட்டாததால்தானாம். "என் பேரு செல்வமணி, எழுதிக்கோங்க" என்று முடித்துவிட்டு மறுபடி சேற்றை அள்ளினார். மற்ற நால்வரும் பெயர் சொன்னார்கள். கடைசியாக நானும் சொன்னேன். காவலர் எழுதினார். கொஞ்ச நேரத்தில் கீழே லயத்திலிருந்து "தண்ணி வந்துருச்சூ!" என்று கூச்சல் கேட்டது.

மரம் கடத்துகிறவர்களுக்கு வேலி வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேயிலை மலையை 'இயற்கை அழகு' என்று படம் பிடித்துவிட்டு, மிஞ்சிய காட்டுக்குள் போனதற்கு இவர்களைத் திருடர் ஆக்குகிறவர்களிடம் இனி நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

போகிறவர்களுக்கு: அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். துணையில்லாமல் போர்டைத் தாண்டாதீர்கள். மாலை நாலு மணி பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும்.

வழக்குக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் ஆறு பேரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போவோம்.