சுத்தமான கரண்டுக்கு எங்க ஊர் ஷாஃப்ட்

இன்னிக்குக் காலையில எங்க தங்கச் சுரங்க ஊர்ல, கோரமண்டல் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா, தினமும் கூட வர்ற ரெண்டு பேர் உலகத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

சாம்பியன் ரீப்ஸ் ஏரியா செல்வின் போன மாசம்தான் எலெக்ட்ரிக் கார் வாங்கினார்.

"இன்னா செல்வின், காரை வுட்டுட்டு ட்ரெயின்ல?"ன்னேன்.

"நேத்து முழுக்க கரண்ட் இல்லீங்க. சார்ஜ் ஏறல."

பாலகாட் ஏரியா முரளி இதுக்குத்தான் காத்திருந்தார். "அதான் அணு உலை வேணும்ன்றேன். புகையே கிடையாது."

"கழிவை இன்னா பண்ணுவ? பாக்கெட்ல வெச்சுப்பியா?"ன்னார் செல்வின்.

"நம்மூர்ல தங்கம் எடுத்த ஆழக் குழி, இத்தனை ஷாஃப்ட் சும்மாதானே கிடக்குது. உள்ள எறக்கி மூடிடலாம்."

செல்வின் முகம் மலர்ந்துடுச்சு. "அப்ப செத்த பேட்டரியையும் அதுலயே போட்டுடலாமே!"

அந்த நேரம் பார்த்து சயனைட் மேட்டுல இருந்து காத்து அடிச்சுது. கம்பெனிக்காரங்க தங்கத்தை எடுத்துக்கிட்டு நமக்குன்னு கொட்டிட்டுப் போன, சயனைட் கலந்த மண்ணு. ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தாமலே ஜன்னல் ஷட்டரை இறக்கினாங்க. சின்ன வயசுப் பழக்கம்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "யார் வூட்டாண்ட இருக்கிற ஷாஃப்ட்ல?"

"பாலகாட்ல"ன்னார் செல்வின். "சாம்பியன் ரீப்ஸ்ல"ன்னார் முரளி. பங்காருபேட்டை வரைக்கும் கைகலப்பு ஒண்ணுதான் பாக்கி.

அப்புறம் திடீர்னு சமாதானம். ரெண்டு பேரும் ஒண்ணா என்னைப் பார்த்தாங்க.

"நீங்க கோரமண்டல்தானே?"

கோரமண்டல் மக்களே, கழிவு ஏத்தின லாரி ஏதாவது வந்து ஷாஃப்டுக்கு வழி கேட்டா, பாலகாட் பக்கம் கையைக் காட்டிடுங்க.