எரித்த செம்பு

குடவாசலில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். உடைந்த அரிவாளும் துருப்பிடித்த தகரமும் உருகிப் புதுக்கம்பியாகத் திரும்பி வரும், எதுவும் வீணாகாது என்று பெருமையாகச் சொல்வேன்.

போன கோடையில் முன்பின் தெரியாத ஒருவர் எரித்தெடுத்த செம்புக் கம்பி கொண்டுவந்தார். மேலுறை எரிந்துபோனால் அது யாருடைய ஒயர் என்று கண்டுபிடிக்க முடியாது. அது தெரிந்தும், ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போட்டேன்.

மறுநாள் காலை, குத்தகை நிலத்தில் நெல் போடும் ஒரு பெண் வந்தார்.

"அண்ணே, எங்க போர் மோட்டார் ஒயர அறுத்துட்டுப் போயிட்டாங்க. நாத்து காயுது. உங்ககிட்ட யாராச்சும் கொண்டாந்தாங்களா?"

கம்பி என் காலடியில் சாக்கில் இருந்தது. "இல்லம்மா" என்றேன்.

மதியம் கடையைப் பூட்டினேன். அந்தச் சாக்கையும், ஒரு பழைய மோட்டாரில் கழற்றிய நல்ல ஒயரையும் எடுத்துக்கொண்டு அவர் வயலுக்குப் போனேன். கம்பியைத் தொட்டுப் பார்த்தார், விரல் கருத்தது.

"எரிச்சுட்டாங்களே. இனிமே இது எதுக்கு ஆகும்?"

எலக்ட்ரீஷியனை வரவழைத்து நான் கொண்டுபோன ஒயரை மாட்டினோம். தண்ணீர் வந்தது. பாதி நாற்று பிழைக்கும் என்றார் அந்தப் பெண். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"காலையிலயே ஏண்ணே சொல்லல?"

எரித்த கம்பியை இப்போது நான் வாங்குவதில்லை. அடுத்த தெருக் கடையில் வாங்குகிறார்கள்.