புதனா, ஞாயிறா?

நாலாவது மாடியில், சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் சிஸ்டருக்கு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள். நாலு வருஷமாக அந்தக் குழாய்களைப் பார்த்துத்தான் தலை சீவுகிறாள். வீட்டோடு தங்கி, நர்ஸாகப் பெரியவரைப் பார்த்துக்கொள்வது வேலை. அவர் ஒரு காலத்தில் மேடைப் பேச்சாளர். இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

டிவியில் யார் பேசினாலும் பிரித்து மேய்வார். "கேள்வி கேக்கறான் பாரு. பதில் வேணும்னா கேக்கறான்? கைதட்டல் வேணும்!" "ஒரே வார்த்தைய மூணு தடவ சொல்றான். மூணாவதுல நீயே தலையாட்டிடுவ." சோறு ஊட்டிக்கொண்டே கேட்டதில் சிஸ்டருக்கும் காது பழகிவிட்டது.

அவளுக்குக் கிளினிக் ஒன்றில் பகல் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் யாரும் மணியடித்துக் கூப்பிட முடியாது. ஐம்பத்தைந்து வயதில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

வேலையை விட்டுப் போவதாக ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பெரியவரின் மகள் பேச்சில் அப்பாவுக்குச் சளைத்தவள் அல்ல.

"போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு சிஸ்டர்? நீங்க போனா அப்பா சாப்பிடாமக் கிடப்பாருன்னெல்லாம் நான் சொல்லவே மாட்டேன்."

சொல்லமாட்டேன் என்றே சொல்லிவிடுகிற வித்தை. சிஸ்டருக்குப் புரிந்தது. புரிந்தும் "பாத்துக்கலாம்மா" என்றுதான் வாயில் வந்தது. கொசுவை அடையாளம் கண்டுவிட்டால் மட்டும் அது கடிக்காமல் விடுமா?

வியாழக்கிழமை காலை தீர்மானத்தோடு வாசலுக்குப் போனாள். மகள் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு விஷயம்..."

"நானே கேக்கணும்னு இருந்தேன் சிஸ்டர். வாரம் ஒரு நாள் லீவு எடுத்துக்குங்க. புதன் வேணுமா, ஞாயிறு வேணுமா?"

"ஞாயிறு."

லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் உறைத்தது. இது சிஸ்டரின் சொந்தச் சரக்கு. நோயாளியிடம் மாத்திரை வேண்டுமா என்று கேட்கக் கூடாது. தண்ணியிலயா, ஜூஸ்லயா என்று கேட்க வேண்டும். பயிற்சியின் முதல் வாரப் பாடம். தினம் நாலு தடவை பெரியவரை அப்படித்தான் மடக்குகிறாள். மகள் கதவோரம் நின்று கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே வந்து பெரியவரைப் புரட்டி முதுகைத் துடைத்தாள். அவருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"எப்படி மடக்கிட்டா பாத்தியா! யார் பொண்ணு?"

"சிரிங்க ஐயா. நான் சனிக்கிழமை போறேன்."

சிரிப்பு நின்றது. "என்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லு, பாப்போம்."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்மா, புதனும் வேணாம், ஞாயிறும் வேணாம். சனிக்கிழமை சாயங்காலத்தோட நின்னுக்கறேன்."

 அந்தப் பக்கத்திலிருந்து, "நீங்க போயிட்டா அவர யாரு சிஸ்டர் பாத்துக்குவா?"

பதில் வேண்டாத கேள்வி. கட்டிலில் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.  சிஸ்டருக்கு "பாத்துக்கலாம்மா" நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"என்னை அனுப்புன ஏஜென்சிலயே ஆள் இருக்கு. நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

மகள் பேனா எடுத்தாளா என்று கேட்காமலே சிஸ்டர் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொல்லத் தொடங்கினாள்.